வேலை நின்ற பிறகும் வைத்தியம்: அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் ஓய்வுபெற்றோரின் மருத்துவ உரிமை

பணியில் இருந்தபோது கிடைத்த மருத்துவ வசதி ஓய்வுக்குப் பிறகும் தொடர வேண்டும் என்பது இந்தியத் தொழிற்சங்கங்களின் பழைய கோரிக்கைகளுள் ஒன்று. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பஞ்சாலைத் தொழிலாளர், பேருந்துத் தொழிலாளர், சுண்ணாம்புக்கல் சுரங்கத் தொழிலாளர், நெசவாளர் ஆகியோருக்கு இந்த வசதி வெவ்வேறு வழிகளில் வந்தது. சிலருக்கு வராமலே போனது. சிலருக்கு வந்து நின்றுபோனது. முதுமையிலும் சங்கமாகக் கூடி நின்றவர்களால்தான் கிடைத்ததைக் காத்துக்கொள்ளவும் கிடைக்காததைக் கேட்கவும் முடிந்திருக்கிறது.

வானம் பார்த்த பூமியும் மில் வேலையும்

இது வானம் பார்த்த பூமி. மேற்கே கரிசல், கிழக்கே போகப்போகச் செம்மண்ணும் உவரும். குண்டாறு திருச்சுழியை ஒட்டி ஓடினாலும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் கம்பு, சோளம், பருத்தி, மல்லி, மிளகாய். அதுவும் பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதுதான் பிழைப்பு. வடகிழக்குப் பருவமழை தவறிய ஆண்டுகளில் ஊர் ஊராகச் சனங்கள் வேலை தேடிக் கிளம்பினார்கள்.

அருப்புக்கோட்டை நெடுங்காலமாக நெசவுக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் பருத்தி விளைந்தது. தறிக்கு நூல் தேவைப்பட்டது. நூற்பாலைகள் வந்தபோது, மழையை நம்பாத வருமானம் முதன்முறையாகக் கிராமத்துக்கு எட்டியது. மில்லில் நிரந்தர வேலை கிடைத்த குடும்பத்துக்கு மாதச் சம்பளம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (ஊழியர் அரசுக் காப்பீடு) கார்டு மூன்றும் கிடைத்தன. காடுகரையில் கூலிக்குப் போனவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பெண் கொடுக்கும்போதுகூட மாப்பிள்ளை ‘பெர்மனென்டா’ என்று கேட்டார்கள் என்றால், அந்தக் கேள்விக்குள் ஆஸ்பத்திரிச் செலவும் அடங்கியிருந்தது.

இந்த வேலைக்குரிய நோய்கள் பெரும்பாலும் மெதுவாக வருபவை. பஞ்சைப் பிரிக்கும் ப்ளோரூமிலும் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசி ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் சேர்ந்து, விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கும். பிறகு எல்லா நாளும் இறுக்கும். பிஸினோசிஸ் எனப்படும் இந்த நோய் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. ஸ்பின்னிங் பகுதியின் இரைச்சல் காதைக் கெடுக்கும். எட்டு மணி நேரம் நின்றே செய்யும் வேலை முழங்காலையும் கால் நரம்பையும் வாட்டும். நாற்பது வயதில் தாங்கிக்கொண்ட உடம்பு அறுபதில் தாங்குவதில்லை. வைத்தியம் அதிகம் தேவைப்படும் காலம், சம்பளமும் அதனோடு வந்த கார்டும் நின்றுபோகும் காலமாக இருக்கிறது. ஓய்வுபெற்றோரின் போராட்டத்துக்கு இதுவே வேர்.

ஈ.எஸ்.ஐ.: வேலையோடு வந்த உரிமை

இந்தியத் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு வேண்டும் என்று திட்டம் வகுத்தவர் பேராசிரியர் பி.பி. அதார்க்கர். அவருடைய அறிக்கை 1944-இல் வந்தது. அதன் அடியொற்றி ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் 1955 ஜனவரி 23 அன்று பஞ்சாலை நகரமான கோயம்புத்தூரில் கால் வைத்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர், இதே வறண்ட சீமையின் விருதுநகரில் பிறந்த காமராஜர். பின்னர் படிப்படியாக மற்ற தொழில் ஊர்களுக்கும் திட்டம் விரிந்தது.

தொழிலாளி சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, முதலாளி அதைவிடப் பெரிய பங்கைச் சேர்த்துக் கட்டுவதுதான் இதன் ஏற்பாடு. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளக்காரரிடம் மாதம் 90 ரூபாய் பிடிப்பார்கள். மில் 390 ரூபாய் கட்டும். இதற்கு ஈடாகத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருந்து, மாத்திரை, அறுவை சிகிச்சை, பிரசவம் எல்லாம் கிடைக்கும். விடுப்பில் இருந்தால் நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் இந்தப் பக்கத்து மக்கள் மதுரைக்கோ சிவகாசிக்கோ போக வேண்டும், அங்கேதான் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உள்ளன. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் அப்பால் இருப்பவர்களுக்குத் தொலைவு இன்னும் கூடும்.

சட்டம் பிறந்தபோது ஓய்வுபெற்றவருக்கு அதில் இடம் இல்லை. சந்தா நின்றால் சிறிது காலத்தில் உரிமையும் நின்றது. முப்பது வருடம் சந்தா கட்டியவர், மில்லை விட்டு வந்த அடுத்த ஆண்டு அதே மருந்தகத்தின் வாசலில் வெளியாளாக நின்றார். 1989-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபோதுதான், ஓய்வு வயதை எட்டியவரும் அவருடைய துணையும் மருத்துவப் பயன் பெறலாம் என்ற வாசகம் சேர்ந்தது. குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வுபெற்றவர், மாதம் 10 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 120 ரூபாயை முன்பணமாகக் கட்டினால் போதும் என்று விதி வகுக்கப்பட்டது. 2010 திருத்தத்தில், விருப்ப ஓய்விலும் முன்கூட்டிய ஓய்விலும் வெளியேறியவர்களுக்கும் இந்தப் பயன் விரிந்தது. மில்கள் ஆட்குறைப்புக்காக விருப்ப ஓய்வு (வி.ஆர்.எஸ்.) கொடுத்து அனுப்பிய காலத்தில் அது பெரிய ஆறுதல்.

120 ரூபாய் சிறிய தொகைதான். ஆனால் உரிமையைக் கையில் வாங்குவது அவ்வளவு எளிதாக இல்லை. எத்தனை ஆண்டு வேலை பார்த்தார், எந்தத் தேதியில் ஓய்வுபெற்றார் என்பதற்குச் சான்று வேண்டும். மில் மூடிக் கிடந்தால் அதில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. பெயரில் ஓர் எழுத்து பிசகினால், பி.எஃப். பதிவிலும் ஈ.எஸ்.ஐ. பதிவிலும் பிறந்த தேதி வேறுபட்டால், விண்ணப்பம் திரும்பி வரும். ஒவ்வோர் ஆண்டும் மறவாமல் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். படிப்பு குறைந்த ஒரு முதியவர் இதைத் தனியாகச் செய்து முடிப்பது கடினம். பழைய ரசீதையும் வேலை அட்டையையும் பார்த்துப் படிவம் நிரப்பிக் கொடுப்பது சங்க அலுவலகத்தின் வேலையாக ஆனது இதனால்தான்.

இன்னொரு முட்டுக்கட்டை சம்பள வரம்பு. மாதச் சம்பளம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தொழிலாளி திட்டத்தை விட்டு வெளியேறிவிடுவார். அந்த வரம்பு தொடக்கத்தில் 400 ரூபாய், 2010-இல் 15,000, 2017 ஜனவரியிலிருந்து 21,000. பல ஆண்டு சந்தா கட்டிவிட்டுக் கடைசிக் காலத்தில் சம்பளம் சற்று உயர்ந்ததால் வெளியேற்றப்பட்டவர், ஓய்வுபெறும் நாளில் காப்பீட்டில் இல்லாதவர் ஆனார். ஊதிய உயர்வுக்குப் போராடி வென்ற தொழிலாளி, அந்த வெற்றியாலேயே முதுமைக்கால வைத்தியத்தை இழந்தார். தொடர்ந்து எழுந்த முறையீடுகளுக்குப் பிறகு, 2024 பிப்ரவரி 10 அன்று ஈ.எஸ்.ஐ. கழகம் இதைத் தளர்த்தியது. 2012 ஏப்ரலுக்குப் பிறகு ஐந்தாண்டாவது காப்பீட்டில் இருந்து, 2017 ஏப்ரல் 1 அன்றோ அதன் பின்னோ 30,000 ரூபாய் வரையிலான சம்பளத்தில் ஓய்வுபெற்றவர்களுக்குப் பயன் திரும்பக் கிடைக்க வழி பிறந்தது. அந்தத் தேதிக்கு முன் ஓய்வுபெற்ற மூத்தவர்களுக்கு இந்தக் கதவும் திறக்கவில்லை.

பென்ஷனும் மருந்துச் செலவும்

பஞ்சாலைத் தொழிலாளியின் ஓய்வூதியம் 1995 நவம்பர் 16-இல் நடைமுறைக்கு வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்படி கணக்கிடப்படுகிறது. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 6,500 ரூபாய் உச்சவரம்பு இருந்த 2013-இல் ஒருவர் ஓய்வுபெற்றிருந்தால், 18 ஆண்டுப் பணிக்கு மாதம் சுமார் 1,671 ரூபாய் வரும். அதற்கு முந்திய குடும்ப ஓய்வூதியக் காலத்துக்காக ஒரு சிறு தொகை சேரும். அகவிலைப்படி கிடையாது. விலைவாசி ஏறினாலும் பென்ஷன் ஏறாது. குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்பதே 2014 செப்டம்பரில்தான் வந்தது. பகத்சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2013-இலேயே 3,000 ரூபாய் தரப் பரிந்துரைத்திருந்தது.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, மதுரைக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம், ஒரு ஸ்கேன் என்று சேர்ந்தால் இந்தப் பென்ஷன் மாத நடுவிலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் இந்த ஓய்வூதியர்களின் அகில இந்தியப் போராட்டக் குழு, குறைந்தபட்சம் 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் கேட்பதோடு, ஓய்வூதியருக்கும் துணைக்கும் இலவச மருத்துவத்தையும் தன் முதன்மைக் கோரிக்கைகளில் வைத்தது. மகாராஷ்டிரத்தின் புல்டாணாவில் 2018 டிசம்பரில் தொடங்கிய தொடர் உண்ணாவிரதம் அதன் அடையாளமாக ஆனது. தமிழகத்திலும் ஏ.ஐ.டி.யு.சி., சி.ஐ.டி.யு. முதலிய மத்திய சங்கங்கள் இதே கோரிக்கைகளை முன்வைத்துவந்தன.

பேருந்துத் தொழிலாளர்

இந்த வட்டாரத்துக் கிராமங்களை மதுரையோடும் விருதுநகரோடும் இணைத்தவை அரசுப் பேருந்துகள். மதுரையைத் தலைமையாகக் கொண்ட பாண்டியன் போக்குவரத்துக் கழகம் 1972-இல் உருவானது. இன்று அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டம். அருப்புக்கோட்டையிலும் பணிமனை உண்டு. ஓட்டுநருக்கு இடுப்பும் முதுகும், நடத்துநருக்குக் காலும் தொண்டையும், தொழில்நுட்பப் பணியாளருக்குக் கையும் கண்ணும் முதலில் தேய்கின்றன.

1998 செப்டம்பர் முதல் இவர்களுக்குத் தனி ஓய்வூதிய அறக்கட்டளை மூலம் பென்ஷன் வந்தது. அரசு ஊழியருக்கு நிகரான ஓய்வூதியம் என்பது தொழிலாளர்களின் எதிர்பார்ப்பு. ஆனால் 2015 நவம்பருக்குப் பிறகு அகவிலைப்படி உயர்வு நிறுத்தப்பட்டது. பணிக்கொடையும் ஆண்டுக்கணக்கில் தாமதமானது. மருத்துவத்திலும் வேறுபாடு இருந்தது. தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு 2014 ஜூலை முதல் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2022 ஜூலையில் தொடங்கிய சுற்றில் மாதம் 497 ரூபாய் பிடித்தம். நான்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவருக்கு ஓய்வுக்குப் பின் கிடைத்த இந்தக் காப்பு, அரசுப் பேருந்தை முப்பதாண்டு ஓட்டியவருக்கும் வேண்டும் என்பதே ஓய்வுபெற்ற போக்குவரத்துத் தொழிலாளர்களின் வாதம்.

2018 ஜனவரி வேலைநிறுத்தத்திலும், 2024 ஜனவரி 9, 10 தேதிகளில் நடந்த வேலைநிறுத்தத்திலும், 2025 ஆகஸ்டில் தொடங்கிய காத்திருப்புப் போராட்டத்திலும் ஓய்வுபெற்றோரின் நிலுவைகள் முன்னணிக்கு வந்தன. மருத்துவக் காப்பீடு அவர்களுடைய கோரிக்கைப் பட்டியல்களில் தொடர்ந்து இடம்பெற்றது. ஓய்வுபெற்றவரால் பேருந்தை நிறுத்த முடியாது. அவருக்கு வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் இல்லை. அவருக்காகப் பணியில் இருப்பவர் குரல் கொடுக்கும்போதுதான் பேச்சுவார்த்தை மேசையில் அவர் கோரிக்கை ஏறுகிறது.

சுண்ணாம்புக்கல்லும் தறியும்

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடிப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். மாவட்டத்தின் சிமென்ட் தொழில் இந்தக் கல்லை நம்பி வளர்ந்தது. சுண்ணாம்புக்கல், டோலமைட் சுரங்கத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் 1972-இல் வந்தது. தொழிற்சாலை வாங்கும் ஒவ்வொரு டன் கல்லுக்கும் ஒரு ரூபாய்க்கு மிகாத தீர்வை விதித்து, அந்தப் பணத்தைச் சுரங்கத் தொழிலாளரின் மருத்துவத்துக்கும் கல்விக்கும் வீட்டுக்கும் செலவிடுவது அதன் நோக்கம். பின்னர் இந்தத் தீர்வை நீக்கப்பட்டது. அதன் பிறகு இந்த நலப்பணிகள் வரவுசெலவுத் திட்டம் ஒதுக்கும் தொகையை நம்பியிருக்கின்றன. டன் கணக்கில் தானாக வந்து சேர்ந்த நிதிக்கும் ஆண்டுதோறும் கேட்டு வாங்கும் நிதிக்கும் உள்ள வேறுபாட்டைச் சுரங்கத் தொழிலாளர் நன்கு அறிவர்.

டன் கணக்கில் நிதி சேர்க்கும் இதே முறை அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத்திலும் இருந்தது. 1946-இல் ஐக்கியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அரசோடு செய்த உடன்பாட்டில், வெட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் 5 சென்ட் நலநிதிக்கு ஒதுக்கப்பட்டது. பிட்ஸ்டன் நிறுவனம் 1988-இல் ஓய்வுபெற்றோர், விதவைகள், ஊனமுற்றோர் எனச் சுமார் 1,500 பேரின் மருத்துவப் பயனை நிறுத்தியது; 1989-இல் பணியில் இருந்தவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் விளைவாக 1992-இல் ஓய்வுபெற்றோரின் மருத்துவத்துக்கெனத் தனிச் சட்டமே வந்தது. பின்னர் சுரங்க நிறுவனங்கள் திவாலானபோது ஓய்வுபெற்றவர்கள் வாஷிங்டனில் பலமுறை திரண்டு, 2017-இல் சுமார் 22,600 பேருக்கு மருத்துவப் பயன் நிலைக்கும்படி செய்தார்கள்.

நெசவாளரின் நிலை வேறு. தறி வீட்டிலேயே இருக்கிறது; ஓய்வு என்று ஒரு நாள் இல்லை. கண் மங்கும்வரை, கால் மிதியை அழுத்த முடியும்வரை நெய்வார்கள். கைத்தறி நெசவாளர்களுக்காக மத்திய அரசு 2005-06-இல் மருத்துவக் காப்பீடு ஒன்றைத் தொடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். அதில் 7,500 ரூபாய் வரை வெளிநோயாளிச் சிகிச்சைக்கு. 80 வயது வரை சேரலாம் என்பதும், படுக்கையில் சேராமல் பார்க்கும் வைத்தியத்துக்கும் பணம் கிடைத்ததும் அதன் சிறப்பு. பின்னர் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. விசைத்தறிக் கூடங்களிலோ பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்த்தால் ஈ.எஸ்.ஐ. சட்டமே எட்டவில்லை.

அமைப்புசாராத் தொழிலாளருக்கான தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. 1977-இல் அவர் முதலமைச்சரானது அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றுதான். இந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த நலவாரியங்கள் 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் தருகின்றன. ஆனால் ஈ.எஸ்.ஐ. போன்ற முழு மருத்துவப் பொறுப்பு அவற்றில் இல்லை.

அரசுக் காப்பீடும் எஞ்சிய இடைவெளியும்

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018-இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தபின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. இதய அறுவை சிகிச்சைக்கு நிலத்தை விற்ற காலம் பல குடும்பங்களுக்கு இதனால் மாறியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது.

இவை இருக்கும்போது ஓய்வுபெற்றோர் தனியாக ஏன் கேட்கிறார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. அரசுக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளுக்கானது. மூச்சு இளைப்புக்கு நாள்தோறும் இழுக்கும் மருந்து, மூட்டுவலிக்கான தொடர் சிகிச்சை, காது கேட்கும் கருவி ஆகியவற்றின் செலவு பெருமளவு கையிலிருந்தே போகிறது. வருமான உச்சவரம்பும் உண்டு. மகன் சம்பாதிக்கிறான் என்பதற்காகத் தகப்பனுக்கு அட்டை கிடைக்காமல் போகலாம். இதற்கும் மேலாக, ஏழைக்கு அரசு தரும் உதவி வேறு, சந்தா கட்டி ஈட்டிய உரிமை வேறு என்பது சங்கத்தில் வளர்ந்தவர்களின் உறுதியான நிலைப்பாடு.

நீதிமன்றங்களும் அந்த நிலைப்பாட்டுக்கு வலு சேர்த்தன. ஓய்வூதியம் கருணைக்கொடை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் கூறியது. 1995 ஜனவரியில், கல்நார்த் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், பணிக்காலத்திலும் ஓய்வுக்குப் பின்னும் தொழிலாளியின் உடல்நலத்தைக் காக்கும் மருத்துவ உதவி அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. கல்நாருக்குச் சொன்னது பஞ்சுத் தூசிக்கும் சுண்ணாம்புத் தூசிக்கும் பொருந்தும்.

போராட்டத்தின் முறைகள்

ஓய்வுபெற்றோரின் போராட்டம் பெரும்பாலும் ஆரவாரமற்றது. ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு, பி.எஃப். அலுவலகத்தின் முன் ஆர்ப்பாட்டம், பணிமனை வாசலில் தர்ணா, ஒரு நாள் உண்ணாவிரதம், கடைசியாக நீதிமன்றம். ஆண்டுக்கொரு முறை ஆயுள் சான்று கொடுக்க வருகிறவர்களிடம் சந்தா வாங்கிக் கூட்டத் தேதியைச் சொல்லி அனுப்புவதும் வழக்கம். இறந்தவர்களின் மனைவியருக்குக் குடும்ப ஓய்வூதியமும் மருத்துவப் பயனும் மாற்றிக் கொடுக்க அலைவது இந்த அமைப்புகளின் ஓயாத பணி. மில்லின் பதிவேடு தொலைந்தாலும், யார் எந்த ஷிப்டில் எந்த ஆண்டு சேர்ந்தார் என்பது உடன் வேலை பார்த்தவர்களின் நினைவில் இருக்கிறது. அந்த நினைவு சிதறாமல் இருப்பதே பலருக்குக் கடைசிச் சான்று.

இந்த முறைகளுக்கு இன்று இரண்டு சோதனைகள். நூற்பாலைகளில் நிரந்தரத் தொழிலாளர் குறைந்து, ஒப்பந்தத் தொழிலாளரும் சில ஆண்டுகளுக்கு மட்டும் வந்துபோகும் இளம்பெண்களும் பெருகினர். அவர்களுடைய நுரையீரலிலும் அதே பஞ்சுத் தூசிதான் சேர்கிறது. ஆனால் ஓய்வு வயது வரை காப்பீட்டில் நீடிப்பவர் அரிது. நாளை அவர்களுக்காகக் கேட்க ஓய்வுபெற்றோர் சங்கமும் இருக்காது. இரண்டாவது, சட்டத்தின் மாற்றம். 1948 சட்டம் உட்பட ஒன்பது சட்டங்களை உள்வாங்கிய 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தொகையும் தகுதியும் விதிகளைப் பொறுத்தவை. விதிகளை நாடாளுமன்றம் கூடாமலே மாற்ற முடியும். அதனால் 120 ரூபாய்க்கு ஓராண்டு வைத்தியம் என்ற உரிமை, அதைக் கேட்டுப் பெற்ற தலைமுறை மறைந்த பிறகும் காவல் தேவைப்படும் உரிமையாகவே இருக்கிறது.